பீதரின் கறுப்பும் வெள்ளியும்

பழைய உலோகக் கலைகளைக் காப்பது என்றால் பழைய பொருள்களையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர் நகரத்தில், உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பித்ரி வேலையின் வரலாறு இதை ஏற்கவில்லை. பாமினி சுல்தான்களின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றியதாகக் கருதப்படும் இக்கலைக்குப் பெரும் வாடிக்கை தேடித் தந்தது, புகையிலை பிடிக்கும் ஹுக்காவின் அடிக்குடம். புகையிலையோ போர்த்துக்கீசியர் வழியாகத் தக்காணத்துக்கு வந்தது; 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் போனது. இன்று அருங்காட்சியகத்தில் மரபுச் சின்னமாக நாம் வியக்கும் அந்தக் குடம், செய்த கைவினைஞருக்குப் புத்தம்புதிய சரக்கு.

மாறாமல் நின்றது செய்முறைதான். பெரும்பங்கு துத்தநாகமும் சிறிது செம்பும் உருக்கி மண் அச்சில் வார்க்கிறார்கள். வார்ப்பை இழைத்து, கோடு கண்ணுக்குத் தெரிவதற்காக மயில்துத்தக் கரைசலைப் பூசிக் கறுப்பாக்கி, கைப்போக்கில் கொடியும் பூவும் வரைகிறார்கள். உளியால் பள்ளம் வெட்டி, அதற்குள் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி இறுக்குகிறார்கள். கடைசியில்தான் பீதர் கோட்டை மண்ணின் வேலை. வெயிலும் மழையும் படாத பழைய இடுக்குகளிலிருந்து எடுத்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதை நவச்சாரத்தோடு நீரில் கலந்து, இளஞ்சூட்டில் உள்ள பொருளின்மேல் தேய்த்தால் துத்தநாகக் கலவை நிரந்தரமாகக் கறுக்கும். வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும்.

இப்படிப்பட்ட கலையைச் சட்டைப் பொத்தானுக்கும் பென் டிரைவ் உறைக்கும் இறக்குவது அவமானம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லக்னோ, முர்ஷிதாபாத், பூர்ணியா ஆகிய ஊர்களிலும் பித்ரி வேலை நடந்தது. நவாபுகளும் ஹுக்காவும் போனபின் அங்கே தொழில் மங்கிவிட்டது. பீதரும் 1948இல் நிஜாமின் ஆதரவை இழந்தது. ஆனாலும் பூச்சாடி, பெட்டி, நகை என்று மாறிப் பிழைத்துக்கொண்டது. கறுப்புச் சாயம் பூசி அலுமினியக் கம்பி பதிப்பதுதான் உண்மையான அவமானம். பொத்தானானாலும் உளி வெட்டும் வெள்ளியும் கோட்டை மண்ணும் இருந்தால் அது பித்ரிதான். 2006இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயருக்குக் காவல். பட்டறையில் அடுப்பெரிய அது மட்டும் போதாது. வெள்ளி விலை ஏற ஏற, சொந்தமாக முதல் போட முடியாதவர் வியாபாரி தரும் வெள்ளிக்குக் கூலிவேலை செய்பவராகிறார். அவருடைய பிள்ளை உளியைத் தொடத் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே விருதுக்கும் கண்காட்சிக்கும் முன்னால், குறைந்த வட்டிக் கடனில் கைவினைஞர் கைக்கே வெள்ளி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். வாங்குகிற நாமும் வெள்ளியின் எடையை மட்டும் பார்த்து விலை பேசுவதை நிறுத்த வேண்டும்.