இளம் பந்துவீச்சாளனை எடைபோடுதல்: வி.வி. குமார் முதல் வியாஸ்காந்த் வரை

பேசாலையிலிருந்து புலம்பெயர்ந்து ரொறன்ரோவில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுப்பியிருந்தார். அவருடைய மருமகன் அங்கே பேஸ்போல் ஆடுகிறானாம். வேகமாகப் பந்து வீசுவானாம். அவன் தொடக்க வீச்சாளர் வரிசையில் இடம்பெறுவானா, அல்லது இடையில் வந்து சிறிது நேரம் வீசிவிட்டுப் போகிறவனாகவே நின்றுவிடுவானா என்பதை எப்படிக் கணிப்பது என்று கேட்கிறார். உதைபந்தாட்டத்தில் ஊறிய எங்கள் கடலோரத்திலிருந்து சென்ற ஒருவரிடமிருந்து இப்படியொரு வினா வரும் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் வினா பழையதுதான். கிரிக்கெட் வரலாற்றில் நம்மவர் பலரைச் சுற்றி இதே வினா எழுந்திருக்கிறது.

பேஸ்போல் அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெரும்பாலான அமெரிக்க அணிகள் ஐந்து தொடக்க வீச்சாளர்களை வைத்துக்கொண்டு முறைவைத்து ஆடவிடுகின்றன. ஒருவர் ஒருநாள் வீசினால், மற்ற நால்வரின் முறை முடிந்த பின்னரே மறுபடியும் வருவார். வரும் நாளில் அதே துடுப்பாட்டக்காரரை இரண்டு, மூன்று தடவை எதிர்கொள்ள வேண்டும். முதல் தடவை வேகத்தால் ஏமாற்றலாம். மூன்றாம் தடவை அவர் இவரைப் படித்திருப்பார். ஆகவே தொடக்க வீச்சாளருக்கு மூன்று வகைப் பந்துகளாவது கைவசம் இருக்கவேண்டும், கட்டுப்பாடு வேண்டும், களைப்பைத் தாங்கும் உடலும் வேண்டும். இடையில் வருபவருக்கு ஒரு நல்ல வேகப்பந்தும் இன்னொரு வகையும் இருந்தாலே போதும்.

வேகத்தை மட்டும் பார்த்து எடைபோட்டால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008இல் தொலைக்காட்சிப் போட்டியொன்றின் வழியாக ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு ஈட்டியெறி வீரர்கள் கண்டெடுக்கப்பட்டு, பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமாயினர். இருவருமே முதல்தர லீக்கை எட்டவில்லை. அவர்களிடம் கை இருந்தது, ஆட்டத்தில் வளர்ந்த ஆண்டுகள் இல்லை.

நம் கதைக்கு வருவோம். சென்னையின் லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961 பெப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்டின் முதல் இனிங்ஸிலேயே 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதே ஆண்டு இன்னொரு டெஸ்ட் ஆடினார். அவ்வளவுதான். முதல்தரப் போட்டிகளில் 599 விக்கெட்டுகள் எடுத்த ஒருவரின் டெஸ்ட் கணக்கு 2 போட்டிகள், 7 விக்கெட்டுகள்! முதலில் சுபாஷ் குப்தே இருந்தார். பின்னர் சந்திரசேகர், பிரசன்னா, பேடி, வெங்கட்ராகவன் என்று நால்வர் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். வரிசையில் இடம் கிடைப்பது வீசுபவரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று, வரிசையில் ஏற்கெனவே யார் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

லட்சுமணன் சிவராமகிருஷ்ணனின் கதை இதற்கு நேர்மாறு. 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களுள் மிக இளையவர் அவரே. விக்கெட் கிடைக்கவில்லை. 1984 இறுதியில் இங்கிலாந்து வந்தது. பம்பாயில் 6/64, 6/117. டெல்லியில் 6/99. தொடர்ந்து மூன்று இனிங்ஸ்களில் ஆறாறு விக்கெட்டுகள்! எங்கள் கரைக்குச் சென்னை வானொலி கொழும்பு வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும் என்பது மன்னார்த் தீவில் வளர்ந்த எவருக்கும் தெரியும். சேப்பாக்கம் டெஸ்டின் தமிழ் வர்ணனையை வலைகாயும் வாடிகளில் குந்தியிருந்து கேட்டவர்கள் எம்மில் பலர். 1985 ஜனவரியில் அந்த வர்ணனை கொண்டுவந்த செய்தி வேறாக இருந்தது. பவுலர் 201, கேட்டிங் 207. ஆங்கிலேயர் சிவாவைப் படித்துவிட்டனர். பேஸ்போல்காரர் அஞ்சும் அந்த மூன்றாம் தடவை, கிரிக்கெட்டில் மூன்றாம் டெஸ்டாக, நான்காம் டெஸ்டாக வந்து சேர்ந்தது.

1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். அப்போதுதான் இருபது வயது நிறைந்திருந்தது. 9 டெஸ்ட்களில் 26 விக்கெட்டுகள், அவற்றுள் 23 அந்த ஒரே தொடரில். அவரைத் தெரிவு செய்தது பிழை என்று நான் கூறமாட்டேன். பந்து கையைவிட்டுப் புறப்பட்ட விதத்தைக் கண்ட எவரும் தெரிவு செய்திருப்பர். அடி வாங்கிய பின்னர் உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டு ஆண்டு நிம்மதியாக வீசிக் கைப்பிடியை மீட்டெடுக்க யாரும் அவரை விடவில்லை என்பதே என் குறை.

முத்தையா முரளிதரனை எண்களால் மட்டும் எடைபோட்டிருந்தால் அவர் கண்டியில் பிஸ்கட் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிய பையனை, 14 வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, ஆண்டின் சிறந்த பாடசாலை வீரராகவும் தெரிவானார். அதே 1991இல் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்து சென்றார். ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. எந்த ஊர்த் தெரிவாளராயினும் கோப்பை மூடியிருப்பார். ஆனால் 1992இல் அலன் போடரின் அவுஸ்திரேலிய அணியைப் பயிற்சி ஆட்டத்தில் அவர் திணறடித்ததைக் கண்டவர்கள் கோப்பைத் திறந்தார்கள். ஆகஸ்டில் கெத்தாராமையில் முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிறெய்க் மக்டர்மட்.

அதன் பின்னரும் அவசரக்காரருக்கு நம்பிக்கை தரும் எண்கள் வந்துவிடவில்லை. 1995 டிசம்பரில் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயார் ‘நோ-போல்’ என்று ஏழு தடவை கைநீட்டிய அந்த நாளுக்கு முன்னர், 22 டெஸ்ட்களில் 80 விக்கெட்டுகள், சராசரி 32.74. நல்லது, ஆனால் மேதைமை என்று எவரும் கூறார். 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி ஓய்வு பெற்றபோது 133 டெஸ்ட்கள், 800 விக்கெட்டுகள், சராசரி 22.72. இடையில் அவர் ‘தூஸ்ரா’ கற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அணி அவரை இடைவிடாது வீசவிட்டது.

இவ்விடத்தில் வினோதன் ஜோன் என்ற வேகப்பந்து வீச்சாளரை நினைவுகூர விரும்புகிறேன். 1983, 84 ஆண்டுகளில் 6 டெஸ்ட்கள் ஆடி 28 விக்கெட்டுகள். சராசரி 21.92. ஆம், முரளியின் சராசரியைவிடக் குறைவு! லோர்ட்ஸில் 1984இல் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். ஆறு போட்டிகளைக் கொண்டு அவரை முரளிக்கு மேல் வைக்க முடியாது. ஆனால் ஏழாவது போட்டி ஏன் வரவில்லை என்ற வினாவை அந்த எண் இன்றும் கேட்கிறது.

வடக்கின் பிள்ளைகளுக்கோ முதலாவது போட்டியே வரவில்லை. கண்டியில் முரளி நூறு விக்கெட்டுகளை நோக்கி வீசிக்கொண்டிருந்த 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது, எங்கள் சனம் வள்ளமேறி இராமேசுவரம் போனது. எந்தத் தெரிவாளர் வந்து எவரைப் பார்த்திருப்பார்? 1904இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட்டே போரினால் தடைப்பட்ட ஆண்டுகள் உண்டு.

அந்த யாழ். மத்திய கல்லூரியிலிருந்து வந்த லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் முதன்முறை ஆடியபோது அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை எடுத்தார். மறுநாள்தான் அவருக்குப் பத்தொன்பது வயது. 2024 மே 8இல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் 4 ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களே கொடுத்தார், விக்கெட் இல்லை. அன்று லக்னோ எடுத்த 165 ஓட்டங்களை ஹைதராபாத் 9.4 ஓவர்களில் கடந்ததால், அந்த 27 ஓட்டங்களின் சிக்கனத்தைப் பற்றி எழுத எவருக்கும் நேரமிருக்கவில்லை.

நான்கு ஓவர் வீசுபவர் பேஸ்போலின் இடைவீச்சாளருக்கு ஒப்பானவர். 2024 முடியும்வரை வியாஸ்காந்துக்கு டெஸ்ட் வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் இருபத்தைந்து ஓவர் வீசக்கூடியவரா என்பதை லீக் ஆட்டங்களின் எண்கள் சொல்லா. நாட்கணக்கில் நீளும் முதல்தரப் போட்டிகளில், பந்து தேய்ந்து, துடுப்பாட்டக்காரர் எண்பது ஓட்டங்களோடு நிற்கும் பிற்பகலில் பந்தைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ரொறன்ரோப் பையனுக்கும் அதுவே என் பதில்: வேகமானியைத் தள்ளி வையுங்கள், ஆறாவது இனிங்ஸில் அவன் என்ன வீசுகிறான் என்று பாருங்கள்.