கற்பூரமா, கேள்வியா?

1856 ஜூலை 1. தென்னகத்தின் முதல் பயணிகள் புகைவண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. மாடில்லை, குதிரையில்லை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடிற்று! கண்டோர் வியந்திருப்பர், வியக்காதிருந்தால்தான் வியப்பு.

வியப்பது குற்றமன்று, தோழர்களே! அடுத்த நொடி கை கூப்புகிறதா, மூளை வினவுகிறதா என்பதே வேறுபாடு. 'எது இழுக்கிறது?' என்று கேட்டவனுக்கு விடை உண்டு. நீர் கொதித்து ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும்; அடைத்து வைத்தால் உந்துதண்டைத் தள்ளும்; தண்டு சக்கரத்தைச் சுழற்றும். உலைமூடி துள்ளுவதும் அதனால்தான். நம் தாய்மார் நாள்தோறும் கண்ட காட்சி அது. ஏனென்று கேட்க அவர்களுக்குப் பள்ளி திறந்தவர் யார்?

அதே 1856இல் பெரம்பூரில் இரயில்வே பணிமனை எழுந்தது. தொழிலாளர் இயந்திரத்தைக் கழற்றினர், துடைத்தனர், மீண்டும் பூட்டினர். கழற்றிப் பார்த்த பொருளைத் தெய்வமென்பது கடினம். ஆயினும் ஆயுத பூசையன்று அதற்கே பொட்டிட்டுக் கற்பூரம் காட்டினோம்!

1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சுழலியைச் சுழற்றியதும் இதே நீராவிதான். அதன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நம் மாணவர், 'எரிந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே போயிற்று?' என்கின்றனர். விடை தேட முகத்துவாரத்துக்கே அவர்களை அழைத்துச் செல்கிறோம்.