கல்வெட்டில் இல்லாத கணக்கு

திருவரங்கம் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை இயங்கியது என்பதைப் பலர் அறியார். போசள மன்னன் இராமநாதன் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், சிங்கண தண்டநாயக்கன் நிறுவிய அச்சாலை, கருடவாகன பண்டிதர் பொறுப்பில் விடப்பட்டது. படையெடுப்பில் அழிந்துபோன அதனை 1493-இல் அவர் மரபினர் ஒருவர் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளுவித்தார். கட்டியவர், காத்தவர் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை மட்டும் சொல்லவில்லை: அங்கே வந்தோருள் எத்தனை பேர் பிழைத்தனர்?

அந்தக் கணக்கைக் கேட்பதே நவீன மருத்துவத்தின் வழி. காவிரிக்கரை வரப்புகளில் தானே முளைக்கும் கீழாநெல்லிக்கும் அந்தச் சோதனை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் இணைந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஆய்வு முடிவை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆயினும் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் இதே பலனைத் தரவில்லை. ஒரு கூட்டத்தாரிடம் எடுத்த கணக்கு எல்லார்க்கும் பொருந்துவதில்லை.

இப்பாடம் இன்றைய புற்றுநோய் மருத்துவத்துக்கும் உரியது. நோயெதிர்ப்பு அணுக்களைப் புற்று பூட்டிவைக்கிறது. புதிய மருந்துகள் அப்பூட்டைக் கழற்றுகின்றன. 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்ற ஈரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 67 பேர் ஓராண்டு கடந்து வாழ்ந்தனர். பழைய மருந்தான சொராஃபெனிப் பெற்றோரில் 55 பேர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டோர் ஈரலின் செயல்திறன் பெரிதும் குன்றாதவர்கள், அதாவது சைல்டு-பியூ அளவையில் முதல் வகுப்பினர்.

ஈரல் புற்றோ பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கி நைந்த ஈரலில்தான் தோன்றுகிறது. மகோதரமும் காமாலையும் கண்டு இரண்டாம் வகுப்புக்கு இறங்கியவர்களிடம் நிவோலுமாப் மருந்தைச் சோதித்த ஓர் ஆய்வில் இருந்தவர்கள் 49 பேரே; கட்டி சுருங்கியது நூற்றுக்கு 12 பேருக்கு. பூட்டுக் கழன்ற அணுக்கள் ஈரலையே தாக்கலாம்; பெவாசிசுமாப் உணவுக்குழல் நாளப்புடைப்பிலிருந்து குருதி பெருகச் செய்யலாம்; உறங்கும் ஹெபடைடிஸ்-பி விழிக்கலாம். எனவே மருந்துக்கு முன்னே எண்டோஸ்கோப்பியும் கிருமிச் சோதனையும் தேவைப்படுகின்றன. இவ்வளவு பார்த்த பின்னும், இரண்டாம் வகுப்பினர்க்கு மருத்துவர் சொல்லும் நம்பிக்கை பெரிதும் முதல் வகுப்பினரிடமிருந்து கடன் வாங்கியதே.

ஆகவே, 'இம்மருந்து பலித்ததா' என்பதோடு 'யாரிடம் பலித்தது' என்றும் கேட்பது நோயாளியின் உரிமை. ஹெபடைடிஸ்-பி வழிவரும் ஈரல் புற்றைப் பொறுத்தவரை, அக்கேள்வியே எழாமல் தடுக்கும் வழியும் உண்டு. 2011 முதல் நாடு முழுவதும் விரிந்த அரசுத் திட்டத்தின் கீழ், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடப்படும் தடுப்பூசிதான் அது.