துவாஸ்: பெயரில் வாழும் கிராமம்



துவாஸ் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது தொழிற்சாலையும் லாரியும்தானே? ஒரு காலத்தில் அது சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருந்த சிறிய மீனவக் கிராமம்.

பெயரைப் பாருங்கள். ‘மெனுவாஸ்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கடலில் இட்டு நிழல் உண்டாக்குவார்கள். நிழல் தேடி மீன்கள் கூடும். பிறகென்ன, வலையை மேலே தூக்க வேண்டியதுதான்!

1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. 1980களில் துவாஸ் கடலோரமும் மண் கொட்டி மேடாக்கப்பட்டது. மீனவர்கள் வேறிடம் போனார்கள். 1998இல் ஜொகூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. 2017இல் ரயில் வந்தது. 2022இல் பெரிய துறைமுகம் முறையாகத் திறக்கப்பட்டது.

கிராமம் போச்சு; பேரு மட்டும் நிக்குது. தினமும் அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் வாயிலும் அந்த மீனவர்களின் தொழில்தான் ஒலிக்கிறது.

எல்லாக் கம்பத்துக்கும் இந்த பாக்கியம் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளைகளே, இன்றைக்கே தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: “முன்னே நீங்க எந்தக் கம்பத்துல இருந்தீங்க?” சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்!