அவுடத தானமும் நெய்யூர் அறுவை மருத்துவரும்

இல்லறத்தார் ஆற்றவேண்டிய தானங்கள் நான்கு என்பது சமண அறநூல்களின் துணிபு. ஆகார தானம், அவுடத தானம், சாத்திர தானம், அபய தானம் என அவை நிரல்படும். இவற்றுள் மருந்துக்குத் தமிழ்ச் சமணச் சான்றோர் அளித்த இடம் தனிச்சிறப்புடையது. காரியாசான் தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். உடற்பிணி நீக்கும் மருந்தையும் உளப்பிணி நீக்கும் அறத்தையும் அவர்கள் ஒருசேர வைத்து எண்ணியமைக்கு இப்பெயர்களே சான்று.

கத்தி ஏந்தும் அறுவை மருத்துவர் அகிம்சை நெறியில் எங்கு நிற்கிறார் என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். மன, மொழி, மெய்களின் சோர்வால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. விழிப்போடும் அருளோடும் உயிர்காக்க உடலைத் திறக்கும் கரம் அந்த வரையறைக்குள் அடங்காது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய ஒருவர் குமரி மாவட்டத்தில் பணியாற்றினார்.

அம்மாவட்டத்துச் சிதறால் குன்று, திருச்சாரணத்து மலை என்னும் பழம்பெயருடையது. தீர்த்தங்கரர் திருவுருவங்களும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்கு நிலைத்துள்ளன. அக்குன்றத்துக்குத் தெற்கே அமைந்த நெய்யூரில், இலண்டன் மிசன் சங்கத்தார் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அன்று அவ்வூர் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. இப்பணிக்குத் தம் வாழ்நாளை ஈந்தவரே தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். அவர் சமயம் வேறு; ஆயினும் அவர் செய்தது அவுடத தானமே.

இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழில் நடத்திய செல்வக் குடும்பத்தில் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையிலும் பயின்று அறுவை மருத்துவரானார். முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனையில் படைமருத்துவராகப் பணிபுரிந்தார். 1916-ஆம் ஆண்டு சொம் போரில், புண்பட்ட வீரர்கள் எண்ணற்றோர் வெட்டவெளியில் தூக்குப்படுக்கைகளில் காத்துக் கிடந்தனர். அவர்களைக் காக்க அங்கிருந்த மருத்துவர் மிகச் சிலரே. இறக்கும் நிலையிலும் 'என்னை முதலில் பாருங்கள்' என்று எவரும் கேளாத காட்சி சோமர்வெல்லின் நெஞ்சை மாற்றியது. அன்றுமுதல் அவர் போரை வெறுப்பவரானார்.

மலையேற்றம் அவருக்குப் பெருவிருப்பு. 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இடம்பெற்று, மூச்சுவளிக் கலத்தின் துணையின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினார். அப்பயணத்தில் பனிச்சரிவு ஏழு சுமைதூக்குவோரின் உயிரைப் பறித்தது. அத்துயர் அவரை நெடுங்காலம் வருத்தியது. பின்னர் இந்தியாவை வடகோடி முதல் குமரிமுனை வரை சுற்றிப் பார்த்தார். வழியில் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். நோயாளர் வரிசை நீண்டிருந்தது. அறுவை செய்யவோ ஒரே ஒரு மருத்துவர்தாம் இருந்தார். சோமர்வெல் உடனே துணைக்கு நின்றார். இலண்டனில் அவருக்கு ஒளிமிக்க எதிர்காலம் இருந்தது. அதனைத் துறந்து நெய்யூரைத் தேர்ந்தார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறியபோது ஏறத்தாழ 28,000 அடி வரை சென்றார். கடுங்குளிரால் சிதைந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்தது. இறுதி நெருங்கியதென்று எண்ணியவர், மார்பைக் கைகளால் அழுத்தி அவ்வடைப்பை வெளியேற்றி உயிர்பிழைத்தார். அதன்பின் நெய்யூரே அவரது வாழிடமாயிற்று.

அப்பகுதி ஏழைகளைப் பெரிதும் வாட்டிய நோய்கள் இரண்டு: முன்சிறுகுடற்புண், வாய்ப்புற்று. முன்னதன் காரணத்தையும் மருத்துவத்தையும் ஆராய்ந்து, சோமர்வெல்லும் உடன்பணியாற்றிய மருத்துவர் ஓர் என்பவரும் 1936-இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினர். வெற்றிலை மெல்லும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை ஓர் 1933-லேயே 'லான்செட்' இதழில் எடுத்துரைத்திருந்தார். சிற்றூர் மருத்துவமனையில் ஏழையின் புண்ணைத் தொட்டு அறிந்த செய்தி உலக மருத்துவ அறிவாக மலர்ந்தது. கிளை மருத்துவமனைகளுக்கும் பயணம் செய்து சோமர்வெல் அறுவை செய்துவந்தார்.

1938-இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். தாம் செய்த அறுவையால் பிழைப்பவர் சிலர். தாம் பயிற்றிய மாணவரால் பிழைப்பவர் பலர். இவ்வகையில் அவுடத தானத்தோடு சாத்திர தானமும் அவர் வாழ்வில் இணைந்தது. 1975-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் அவர் மறைந்தார். குமரி எல்லைக்கு அருகே காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மருந்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பொருள் வழங்குவதில் நம் சமூகத்தார் என்றும் பின்தங்கியதில்லை. ஆனால் பொருளால் பெறவியலாத ஒன்று உண்டு. அது கற்ற கை செலவிடும் காலம். நெய்யூரில் அன்று குறைந்திருந்தது அதுவே. செம்பரம்பாக்கத்தைச் சூழ்ந்த நெடுஞ்சாலைப் பகுதியில் இன்று மருத்துவக் கல்லூரிகள் பல எழுந்துள்ளன. ஏரிக்கரைச் சிற்றூர்களிலோ, ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி நோயை மறைத்து வாழும் உழைப்பாளர் இன்னும் உளர். நம் இல்லங்களில் மருத்துவராக, செவிலியராக, மருந்தாளுநராகத் திகழும் இளையோர் திங்கள்தோறும் ஒருநாளை அவர்களுக்கென ஒதுக்குவாராயின், அறக்கட்டளையின் மருத்துவ முகாம் ஆண்டுக்கொரு நிகழ்ச்சி என்ற நிலை மாறி இடையறாத பணியாகும். மகாவீரர் திருநாளில் நாம் ஏற்கத்தக்க நோன்பு இதனினும் வேறில்லை.

வாழ்க அறம்! வளர்க அருள்!