கோப்பியின் பெயர் தாங்கிய பூச்சி

ராகலையில் எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு மேலே ஒரு மின்குமிழ் உண்டு. மழை ஓய்ந்த இரவுகளில் விட்டில்கள் வந்து அந்தச் சுவரில் அப்பிக்கொள்ளும். விடிந்ததும் உம்மா விளக்குமாற்றால் அவற்றைக் கூட்டித் தள்ளுவார். அவற்றுக்குப் பெயர் இருக்குமென்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதில்லை. கடைவேலையை மகனிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்த ஆசை வந்தது. கொடியில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, அதில் வந்து அமரும் பூச்சிகளைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, கைவில்லை கொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

பெரிய அந்துப்பூச்சிகள் அதிகம் சிரமம் தருவதில்லை. சிறியவையே சிக்கல். விரல்நகத்தளவு உடம்பு, எல்லாவற்றுக்கும் காய்ந்த இலையின் நிறம். அவற்றுள் ஒன்று அடிக்கடி வந்தது. இறக்கைகளை மடித்து உட்காரும்போது சிறியதொரு மணியைப் போன்றிருக்கும். ஒருநாள் வளவின் ஓரத்தில் நிற்கும் தேயிலைச் செடியில், நூலால் ஒட்டிக் கிடந்த இரண்டு இலைகளைப் பிரித்தேன். உள்ளே ஒரு பச்சைப் புழு. அதை இலையோடு போத்தலில் விட்டு வளர்த்தேன். கூட்டுப்புழுவாகிச் சில நாட்களின் பின் வெளியே வந்தது அதே மணிப்பூச்சிதான். புழுவும் உணவும் உருவமும் தெரிந்துவிட்டதால் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தது: ஹோமோனா கொஃபியாரியா.

தேயிலையைத் தின்னும் பூச்சிக்குக் கோப்பியின் பெயர் எப்படி வந்தது?

ஜோன் நீட்னர் என்ற ஜேர்மனியர் றம்பொடைப் பக்கத்தில் கோப்பி பயிரிட்டு வாழ்ந்தவர். இலங்கையில் கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் அவர் வெளியிட்ட சிறுநூலில்தான் இப்பூச்சி முதன்முதலாகப் பெயர் பெற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பி இலையின் துருநோய் இனங்காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை சரிந்து போயிற்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மலைகளையெல்லாம் மூடியது. பூச்சியும் தேயிலைக்குக் குடிபெயர்ந்தது. கோப்பிக் காலத்தின் நினைவு அதன் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. நமது மலைகளின் வரலாற்றுக்கு இப்படியும் ஓர் ஆவணம் உண்டு.

அந்தக் காலத்துப் பூச்சி நூல்களைப் புரட்டினால் நமது ஊர்ப் பெயர்கள் எதிர்ப்படும். தோட்டத் துரையாக இருந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஏர்னஸ்ட் கிறீன், பூண்டுலோயாவில் சேகரித்தார். மஸ்கெலியாவிலிருந்து போல் என்பவர் பிடித்து அனுப்பிய சிறு பூச்சிகளுக்கு, இங்கிலாந்தில் மால்பரோ கல்லூரி ஆசிரியராக இருந்த எட்வர்ட் மெய்ரிக் பெயர் சூட்டினார். மெய்ரிக் தம் வாழ்நாளில் 14,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டவர். ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சியின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் ஊர், திகதி, சேகரித்தவர் பெயர். அந்தச் சீட்டு இல்லாத பூச்சிக்கு ஆய்வில் மதிப்பில்லை.

பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்ணப்படங்கள் உள்ளன. அவற்றுக்கு மூலமான சித்திரங்களில் பெரும்பாலானவை, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸின் மேற்பார்வையில், இந்நாட்டவரான டி அல்விஸ் சகோதரர்கள் வரைந்தவை. நூல் மூரின் நூலென்றே அறியப்படுகிறது.

பெயர் சூட்டுவது துரைமாரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடவும் முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மணிப்பூச்சி தேயிலைக்குப் பெரும் கேடாக இருந்தது. முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், மீன்செதில் அடுக்கியதுபோல் நூற்றுக்கு மேற்பட்ட மஞ்சள் முட்டைகளை அது ஒரே தட்டையாக இடும். அந்த இலைகளைக் கையால் பொறுக்கி அழிப்பதே அன்று கைகண்ட வழி. தலவாக்கலை, சென் கூம்ஸில் இயங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், இதே பூச்சி ஜாவாத் தேயிலையில் இருந்தும் அங்கு மிஞ்சிப் பெருகாததைக் கவனித்தனர். அதன் புழுவின் உடலில் முட்டையிடும் ஒரு சிறு குளவியே காரணம். 1935, 36ஆம் ஆண்டுகளில் அக்குளவியை வரவழைத்து இங்கே விட்டனர். சில ஆண்டுகளில் கேடு தணிந்தது. இரண்டு நாட்டிலும் இருப்பது ஒரே பூச்சிதான் என்று பெயர் காட்டியிராவிட்டால் ஜாவாவின் அனுபவம் நமக்கு உதவியிராது.

ஜப்பானியத் தேயிலையில் இதைப் போலவே இருக்கும் பூச்சி வேறு இனமென்று பின்னர் தெரியவந்து, 1948இல் ஹோமோனா மக்னானிமா என்ற தனிப்பெயர் பெற்றது. உருவத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாற நேரும். இதனால் இன்று இவற்றின் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

குளவி செய்த வேலையையும் மனிதர் ஒருமுறை கெடுத்தனர். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் மருந்து தெளித்த காலத்தில், அது குளவிகளையும் கொன்றது. புழு மீண்டும் பெருகியது.

அந்தக் குளவி இங்கே வந்து வேலை செய்யத் தொடங்கியபோது அதற்கு விஞ்ஞானப் பெயர் இருக்கவில்லை. 1938இல் நிக்சன் என்பவர் அதற்கு மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்று பெயர் வைத்தார். இங்கு வந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே குளவி பதிவேட்டில் ஏறிவிட்டது. அதே தேயிலைக்குள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பூச்சிச் சீட்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனதில் ஓடும்.

எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் அக்கா ஒருவர், கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். என் போத்தலைப் பார்த்ததும் சிரித்தார். தன் தாய் சிறுபிள்ளையாய் இந்த முட்டை இலை பொறுக்கப் போன கதையைச் சொன்னார். பிறகு செடியண்டை போய், நான் ஒரு வாரமாகத் தேடியும் அகப்படாத முட்டைத் தட்டை ஒன்றைச் சற்று நேரத்தில் கண்டெடுத்தார். கண்ணால்கூட அதிகம் தேடவில்லை. இலையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தே சொன்னார்.

“வழுவழுன்னு மெழுகு பட்ட மாதிரி இருக்கும் நானா. விரலுக்குத் தெரியும்.”

அந்த முட்டைகளுக்கு ஒரு சீட்டு எழுதினேன். முதல் வரியில் ராகலை, தேயிலைச் செடி. இரண்டாவது வரியில் திகதி. மூன்றாவது வரிக்கு வந்ததும் அவருடைய முழுப்பெயரையும் கேட்டேன்.

“எம் பேரு எதுக்கு நானா?”

“கண்டுபிடிச்சவங்க பேரை எழுதத்தான் வேணும், அக்கா” என்றேன்.

சற்றுத் தயங்கி, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.