ஈயம் எதற்கு? அமெரிக்க வடகிழக்குக் காடுகளின் மான் வேட்டையும் தோட்டாவும்

அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களில் நவம்பர் மாதம் வெண்வால் மான் வேட்டைக்கு உரியது. நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகளிலும் அப்படித்தான். வெர்மான்ட் 1777-இல் இயற்றிய தன் முதல் சாசனத்திலேயே, வேலியிடப்படாத நிலங்களில் வேட்டையாடும் உரிமையைக் குடிமக்களுக்கு எழுதிக் கொடுத்தது. இவ்வளவு ஆழமாக வேர்விட்ட வழக்கத்தில் ஒரு பொருளை மாற்றச் சொன்னால் எதிர்ப்பு எழத்தான் செய்யும். அந்தப் பொருள் தோட்டாவின் முனையில் உள்ள ஈயம். கழுகுகளுக்கு நஞ்சாகும் ஈயக் குண்டை விட்டுச் செம்புக் குண்டுக்கு மாறுங்கள் என்று பறவையியலாளர்கள் கேட்கும்போது, தலைமுறை வழக்கத்தையே கைவிடச் சொல்கிறார்கள் என்று வேட்டைக்காரர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இக்கட்டுரையின் முடிவு இதற்கு நேர்மாறானது. வடகிழக்குக் காட்டின் அடர்த்தியும், அந்த அடர்த்திக்கென்றே உருவான துப்பாக்கிகளும் சேர்ந்து, செம்புக்கு மாறுவதற்கு வேறெந்த வேட்டைக்களத்தையும்விட ஏற்ற இடமாக அந்தக் காட்டை ஆக்கியிருக்கின்றன. ஈயம் அங்கே நீடிப்பதற்கு வேட்டையின் தேவை காரணமில்லை, அவநம்பிக்கைதான் காரணம்.

துப்பாக்கியிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்ப்ரூஸும் ஃபரும் பீச்சும் நெருங்கி வளர்ந்த அந்தக் காட்டில் நூறு கெஜத்துக்கு அப்பால் மான் கண்ணில் படுவது அரிது. ஐம்பது கெஜத்திலேயே கிளைகளுக்கு நடுவே ஒரு காதும் முதுகின் கோடும்தான் தெரியும். அதுவும் சில நொடிகளுக்கு. இந்த இடத்துக்கு வேண்டியது குட்டையான, இலேசான, அடுத்த தோட்டாவை விரைவில் ஏற்றக்கூடிய ரைபிள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட 1894-ஆம் ஆண்டு மாதிரி அப்படிப்பட்டது. பிடியின் கீழுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே வரும். எழுபது லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி அது. 1948-இல் வந்த மார்லின் 336-உம் அதே வகைதான். நியூயார்க்கின் யூட்டிகா நகரில் பிறந்த சாவேஜ் 99, அதே மாநிலத்தின் இலியனில் செய்யப்பட்டு 1952-இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 760 பம்ப் ரைபிள் ஆகியவையும் இந்தக் காட்டில் பேர்பெற்றவை. இவற்றைச் செய்த பட்டறைகள் கனெக்டிகட்டிலும் நியூயார்க்கிலும், அதாவது அந்தக் காடுகளுக்கு ஓரிரு நாள் பயணத் தொலைவில் இருந்தன. மேற்கின் திறந்த புல்வெளியில் முந்நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஆன்டிலோப்பைக் குறிவைப்பவருக்குத் தேவையான கருவி வேறு. அந்தத் தேவையை வடகிழக்குக்கும் பொருத்திப் பேசுவதால்தான் ஈயம் பற்றிய விவாதம் தடம் புரள்கிறது.

மரபு என்று சொல்லப்படுவதையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 1894 மாதிரி முதலில் கருமருந்துத் தோட்டாக்களுக்கென்றே விற்கப்பட்டது. அவற்றில் ஒன்றான .38-55 தோட்டாவில் 255 கிரெய்ன் எடையுள்ள ஈயக்கட்டி நொடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில்தான் பாய்ந்தது. மறு ஆண்டே, 1895-இல், புகையில்லா வெடிமருந்து நிரப்பிய .30-30 வந்தது. வேகம் நொடிக்கு 2,000 அடியை எட்டியதும் வெறும் ஈயம் குழலின் உட்புரிகளில் பிய்ந்து ஒட்டத் தொடங்கியது. ஈயத்துக்குச் செம்புக் கலவையில் மேலுறை போர்த்த வேண்டியதாயிற்று. ஈயக் கருவும் செம்பு உறையும் கொண்ட இன்றைய குண்டு, இப்படி ஒரு தொழில்நுட்ப மாற்றத்தின் விளைவாக வந்தது. குண்டு உடலுக்குள் சிதறும் பிரச்சினையும் பெரும்பாலும் அந்த வேகத்தோடு வந்ததே. மெதுவாகச் செல்லும் கனத்த ஈயம் உடலுக்குள் நசுங்கும். வேகமாகச் செல்லும் மெல்லிய ஈயம் நொறுங்கும். மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை 2008-இல் ஆட்டு உடல்களில் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, விரைந்து விரியும் ஈயக் குண்டுகள் ஓர் உடலில் சராசரியாக 141 துணுக்குகளை விட்டுச் சென்றிருந்தன. முழுச் செம்புக் குண்டுகள் விட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. காயத்தைத் தண்ணீரால் கழுவியபோது துணுக்குகள் நீங்காமல் இறைச்சியில் இன்னும் பரவின. வெடிமருந்து, உறை, முனையின் வடிவம் என எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்த ஒரு வழக்கம், உட்கருவை மாற்றினால் மட்டும் அழிந்துவிடும் என்பது வரலாற்றோடு பொருந்தாத வாதம்.

அந்தத் துணுக்குகள் எங்கே போகின்றன? மான் விழுந்ததும் வேட்டைக்காரர் அதைப் புரட்டிப் போட்டு, வயிற்றைக் கீறி, குடல், நுரையீரல், இரைப்பை முதலியவற்றை அங்கேயே உருவிப் போடுகிறார். உடல் சீக்கிரம் ஆற வேண்டும், இழுத்துச் செல்ல எடையும் குறைய வேண்டும். இரண்டுக்கும் அதுதான் வழி. ஆவி பறக்கும் அந்தக் குவியல் பனியின் மேல் கிடக்கும். குண்டு பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டைத் துளைப்பதால், சிதறிய ஈயத்தின் பெரும்பகுதி நுரையீரலோடு அந்தக் குவியலுக்கே போகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் கொன்ற மான்களின் குடற்குவியல்கள் இருபதை எக்ஸ்ரே எடுத்ததில் பதினெட்டில் ஈயம் தெரிந்தது. ஐந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட துணுக்குகள் இருந்தன. அண்டங்காக்கையும் நரியும் முதலில் வருகின்றன. பிறகு வெண்தலைக் கழுகு இறங்குகிறது. மீன் பிடிக்கும் நீர்நிலைகள் உறையத் தொடங்கும் பருவத்தில் இந்தக் குவியல்கள் அதற்கு எளிதான இரை. கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது. மணலளவு ஈயத்தைக் கரைக்க அதற்கு நேரமாகாது. இரத்தத்தில் ஏறிய ஈயம் ஹீமோகுளோபின் உற்பத்தியைத் தடுக்கிறது, செரிமானம் நின்றுபோகிறது, சிறகு தொங்க, தலை சாய்ந்து, பறக்க மாட்டாமல் தரையில் கிடக்கும் கழுகுகளைத்தான் பறவை மருத்துவர்கள் குளிர்காலத்தில் எடுத்து வருகிறார்கள்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. கழுகுகள் பெருகித்தானே வருகின்றன? அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்காவில் 1963-இல் கூடு கட்டியவை 417 இணைகள்தான். 2007-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து இப்பறவை நீக்கப்பட்டது. பின்னர் வந்த கணக்கெடுப்பு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் என்றது. இந்த மீட்சி உண்மை. ஆனால் எண்ணிக்கை கூடுவதும், கூடுகிற வேகம் குறைவதும் ஒரே காலத்தில் நடக்கலாம். 2022-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடகிழக்கு மாநிலங்களின் முப்பதாண்டுத் தரவுகளைக் கொண்டு, ஈயம் இக்கழுகுகளின் நீண்டகால வளர்ச்சி வீதத்தைப் பெண்களில் 4, ஆண்களில் 6 சதவீதம் குறைத்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு 38 மாநிலங்களை அடக்கிய இன்னோர் ஆய்வு, ஏறத்தாழப் பாதிக் கழுகுகளின் எலும்பில் நாட்பட்ட ஈய நச்சைக் கண்டது. இந்த ஈயம் தூண்டில் எடைகளிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வாத்து, லூன் போன்ற நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். கழுகுகளுக்கோ, கடுமையான நச்சேற்றம் குளிர்காலத்தில், அதாவது செத்த உடல்களைத் தின்னும் பருவத்தில்தான் உச்சம் தொடுகிறது. அது வேட்டையின் நாட்காட்டியோடு பொருந்துகிறது, மீன்பிடியின் நாட்காட்டியோடு அன்று.

பெருகி நிற்கும் ஓர் இனத்துக்காக வேட்டைக்காரர் ஏன் மெனக்கெட வேண்டும் என்று இன்னமும் கேட்கப்படலாம். அதற்குப் பதில் சமையலறையில் இருக்கிறது. இந்த விவாதத்தில் அதற்குரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம். கசாப்புக் கடைகளில் அரைத்துப் பொதிந்த மான்கறிப் பொட்டலங்கள் 234-ஐ 2009-இல் வெளியான ஆய்வொன்று சோதித்தபோது 32 சதவீதத்தில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரண்டு நாளில் இரத்த ஈயம் ஏறியது. அந்த மான்கள் வயோமிங்கில் சுடப்பட்டவை, அங்கே வேகமான தோட்டாக்கள் வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. வடகிழக்கிலும் .30-06, .270 போன்றவை இப்போது சாதாரணமாகப் புழங்குகின்றன. குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் இறைச்சி இது. குழந்தை மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை.

அடுத்தது, செம்பின் திறன் பற்றிய மறுப்பு. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது, அடர்த்தி குறைந்தது. வேகம் குறைந்தால் முனை விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போகும். மான் காயத்தோடு ஓடிவிடும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேகம் குறைவது தொலைவினால். .30-30-இன் 150 கிரெய்ன் குண்டு குழலைவிட்டு நொடிக்கு 2,300 அடியளவில் கிளம்பி, நூறு கெஜத்தில் ஏறக்குறைய 2,000 அடியில் இருக்கும். 1894 மாதிரி, மார்லின் 336 ஆகியவற்றின் குழாய் வடிவ அறையில் ஒரு தோட்டாவின் முனை முன்னதன் அடிப்பாகத்தைத் தொட்டு நிற்பதால், கூர்முனை வெடிப்பை உண்டாக்கலாம். எனவே இந்த ரைபிள்களுக்கான செம்புக் குண்டும் தட்டை முனையும் அகன்ற குழிவும் கொண்டதாக, குறைந்த வேகத்திலேயே விரியும்படி செய்யப்படுகிறது. காட்டின் அடர்த்தி தொலைவைக் கட்டிப்போடுவதால், செம்பின் பலவீனம் வெளிப்படும் இடம்வரை குண்டு போவதே இல்லை. எடை குறையாமல் மறுபக்கம் வெளியேறும் குண்டு இரண்டு துளை விடுகிறது. பனியில் இரத்தத் தடம் பார்த்து நடக்கும் வெர்மான்ட் வேட்டைக்காரருக்கு அது அனுகூலமே. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு பருவத்தில் மானை நோக்கிச் சுடுவது ஒன்றோ இரண்டோ. குறி சரிபார்க்கச் சில, அவ்வளவே.

எஞ்சுவது அவநம்பிக்கை. இன்று ஈயம், நாளை துப்பாக்கி என்ற அச்சத்தை ஏளனம் செய்பவர்கள் தங்கள் நோக்கத்துக்கே கேடு செய்கிறார்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-இல் நாடு முழுக்கத் தடை வந்தபோதும் இதே அச்சம் பேசப்பட்டது. எஃகு ரவை பழைய குழல்களைக் கெடுக்கும், பறவைகளை முடமாக்கும் என்றார்கள். வாத்து வேட்டை நிற்கவில்லை. மிசிசிப்பி வலசைப் பாதையின் மல்லார்ட் வாத்துகளில் ஈய நச்சுச் சாவு 64 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. தடைச்சட்டம் வேண்டாம், மனமாற்றமே போதும் என்பவர்கள் அரிசோனாவைக் காட்டுவார்கள். அங்கே கான்டோர் என்னும் பிணந்தின்னிப் பறவை வாழும் பகுதியில் மாநில அரசு 2005 முதல் ஈயமற்ற தோட்டாவை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான வேட்டைக்காரர்கள் மனமுவந்து ஒத்துழைக்கிறார்கள். ஆயினும் ஈயத்தால் கான்டோர்கள் சாவது நின்றபாடில்லை. ஒரே உடலைப் பல பறவைகள் பங்கிட்டுத் தின்பதால், பத்தில் ஒரு குவியலில் நஞ்சிருந்தாலும் போதும்.

ஆகவே இலவசத் தோட்டாவில் தொடங்கி, அறிவித்த ஒரு தேதியில் சட்டமாக முடிவதே சரியான வழி. அந்தச் சட்டத்தின் எல்லையும் பிரச்சினையின் எல்லையோடு நிற்க வேண்டும். குடலைக் காட்டில் விட்டுவரும் மான், மூஸ், கரடி வேட்டைக்கு மட்டும் அது பொருந்தட்டும். அணிலுக்கும் முயலுக்கும் பயன்படும் .22 தோட்டாவில் ஈயமற்றவை இன்னும் குறி தவறுகின்றன, அவற்றை விட்டுவைக்கலாம். 1906-இல் வந்த .35 ரெமிங்டன் இன்னொரு விதிவிலக்கு. அதன் 200 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2,080 அடி வேகத்தில் மெதுவாகப் போவது; அதற்கேற்ற செம்புத் தோட்டா கடையில் எளிதில் அகப்படாது. பாட்டனார் விட்டுப்போன .35 மார்லினை வைத்திருப்பவர், தகுந்த தோட்டா கிடைக்கும்வரை ஈயத்தைச் சுட்டுக்கொள்ளட்டும். குடற்குவியலை மட்டும் மண்ணில் புதைத்துவிட்டு வரட்டும். நவம்பர் தரை உறைவதற்கு முன் அதற்கு ஒரு சிறு மண்வெட்டி போதும்.